கிருமியே இல்லாமல் வந்த காய்ச்சல்

அன்புள்ள வாசகருக்கு,

கடுமையான கணைய அழற்சியோடு ஐசியூவில் இருக்கும் உங்கள் தம்பியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். முதல் வாரம் காய்ச்சல் கொதித்தபோது ஆன்டிபயாடிக் தராத டாக்டர்கள், தேறி வருகிறார் என்று நினைத்த மூன்றாவது வாரத்தில் கிருமித் தொற்று என்கிறார்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

முதல் வாரக் காய்ச்சலுக்குக் கிருமி தேவையில்லை. சிறுகுடலுக்குப் போன பிறகு வேலையைத் தொடங்க வேண்டிய டிரிப்சின் என்ற செரிமான நொதி, பித்தப்பைக் கல்லாலோ மதுவாலோ கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. செல்கள் சிதைந்து சிந்தும் பொருள்களைக் கண்டதும், கிருமியே புகுந்துவிட்டதுபோல வெள்ளணுக்கள் கிளர்ந்தெழுகின்றன. இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் பெருகி, நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிப்பு பரவுகிறது. உறுப்புகளின் செயலிழப்பு 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் நோயைத் ‘தீவிரம்’ என்கிறது 2012ஆம் ஆண்டின் திருத்திய அட்லாண்டா வகைப்பாடு.

இந்தச் சீற்றத்தை உடலே அடக்கப் பார்க்கும். அந்த அடக்குதல் அளவு மீறினால் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் குறையும். கிருமியை அடையாளம் காட்டும் மோனோசைட்டுகளும் மந்தமாகும். அதே சமயம் குடல் சுவர் பலவீனமாகி, உள்ளே இருந்த ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் வெளியேறி, செத்துப்போன கணையத் திசுவில் குடியேறும். அங்கே ரத்த ஓட்டம் இல்லாததால் வெள்ளணுக்களும் மருந்தும் எளிதில் போய்ச் சேராது. தொற்று பெரும்பாலும் தாமதமாகத் தலைகாட்டுவது இதனால்தான். தொற்று வருமுன்பே ஆன்டிபயாடிக் கொடுப்பது அதைத் தடுப்பதாக நிரூபணமாகவில்லை. வந்த பிறகு அது அவசியம். மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பதும் பசிக்காக மட்டுமல்ல, குடல் சுவரைக் காக்கவும்தான்.

‘நல்ல பாக்டீரியா (புரோபயாடிக்) கொடுத்தால் தொற்று குறையுமே’ என்று நெதர்லாந்து மருத்துவர்களும் எண்ணினார்கள். தீவிரமாகலாம் என்று கணித்த 296 நோயாளிகளிடம் சோதித்து, 2008இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். தொற்று குறையவில்லை. புரோபயாடிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 6 சதவீதம்.

ஆகவே கஷாயம், பவுடர் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். சீழை வடிக்க வேண்டுமா, எப்போது என்று டாக்டரிடம் கேளுங்கள். காரணம் கல்லா, மதுவா என்பதையும் கேளுங்கள். கல்லென்றால் உடல் தேறியதும் பித்தப்பையை அகற்ற வேண்டியிருக்கும். மதுவென்றால் அதை அடியோடு விட வேண்டும். அடுத்த தாக்குதலைத் தடுக்க வழி அதுதான்.

அன்புடன்,
உங்கள் மருத்துவப் பக்க எழுத்தாளர்