கையை எடுக்கக் கற்றுக்கொடு

அன்புத் தங்கைக்கு,

வாழப்பாடியில் வகுப்பு தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். பிசியோதெரபி படித்தாய், குதிரைகளை நீவிவிடும் முறையைத் தனியே கற்றாய், இப்போது அதைப் பிறருக்குச் சொல்லித்தரும் பயிற்சியில் இருக்கிறாய். முதலில் எந்தப் பிடியைக் கற்றுக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறாய். பிடிகளை எந்த வரிசையில் சொன்னாலும் பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். நான் வற்புறுத்துவது வேறொன்றை. கையை எப்போது எடுப்பது, எங்கே வைக்கவே கூடாது என்பதை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை சொல்லிக்கொடு. ஊருக்கு ஊர் சுளுக்கு வழிப்பவர்கள் இருக்கிறார்கள். "இது என் வேலையில்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்பவர்கள்தான் குறைவு. நீ உருவாக்க வேண்டியது அவர்களை.

ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்பாய். சில நாள் லாயத்தில் கட்டிப்போட்டு, தானியத்தை மட்டும் குறைக்காமல் கொடுத்த குதிரையைத் திடீரென்று பந்தய வண்டியில் பூட்டினால் என்ன ஆகும் என்று பார். சிறிது தூரத்திலேயே நடை குறுகும், வியர்த்துக் கொட்டும், பின்தொடையும் இடுப்பும் இறுகிப்போகும். சிறுநீர் காப்பி நிறத்தில் வரலாம். தசை உடைந்து அதன் நிறமி ரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது என்று பொருள். கெட்டியான தசையைக் கண்டதும் பழகிய கை தானாக அங்கே போகும். பிசைந்தால் சேதம்தான் கூடும். நடத்திப் பார்ப்பதும் தவறு. நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

இதே கதை மனிதரிலும் உண்டு. நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரி ஓட்டுநர் பல மணி நேரம் உட்கார்ந்தே வந்து, "ஒரு கால் கெண்டை மட்டும் பிடிச்சுக்கிச்சு, நீவி விடுங்க" என்பார். அந்த ஒரு கால் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால், அது ஆழத்து ரத்தக்குழாயில் கட்டிய உறைவாக இருக்கலாம். அழுத்தி நீவினால் உறைவு பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் அபாயம் இருக்கிறது. இரண்டு உடம்பிலும், கையை மிகவும் கூப்பிடும் இடமே கை போகக்கூடாத இடமாகவும் இருக்கக்கூடும். இந்த இரண்டையும் ஒரே நாளில், அடுத்தடுத்துச் சொல். மறக்கமாட்டார்கள்.

குதிரையையும் மனிதரையும் ஒரே வகுப்பில் வைப்பதற்கு நியாயம் இதுதான். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் புரியவைக்கலாம். மாணவர்களைத் தரையில் கையூன்றி நிற்கச் சொல். பிறகு உள்ளங்கையைத் தூக்கிவிட்டு நடுவிரல் நுனியில் மட்டும் நிற்பதாக நினைக்கச் சொல். குதிரை நிற்பது அப்படித்தான். அதன் குளம்பு நடுவிரலின் நகம். முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்வது அதன் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்னால் துருத்திக்கொண்டிருப்பது கணுக்கால். நிஜமான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. கழுத்து முள்ளெலும்பு நமக்கும் 7, அதற்கும் 7. விலா எலும்பு பூட்டிய முதுகு முள்ளெலும்பு நமக்கு 12, அதற்கு 18. நமக்கு இருக்கும் காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது. முன்னங்கால்களுக்கும் உடம்புக்கும் நடுவே எலும்பு மூட்டே இல்லை. தசைகளும் நாண்களும் நெஞ்சுக்கூட்டைத் தூளிபோல இரு கால்களுக்கும் நடுவே ஏந்திப் பிடித்திருக்கின்றன. உடல் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. தோள்பட்டைத் தசையை நம் தோளைப் போல எண்ணிக் குத்தி அழுத்தும் மாணவருக்கு இதைச் சொன்னால், தான் அழுத்துவது உடம்பையே தாங்கி நிற்கும் தசையை என்று புரிந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. மனிதர் தாட்சண்யம் பார்ப்பார். வலித்தாலும் "பரவால்லைங்க, நல்லாருக்கு" என்பார், அதுவும் காசு கொடுத்து வந்திருந்தால் கண்டிப்பாகச் சொல்வார். குதிரைக்கு அந்தப் பழக்கம் இல்லை. பிடிக்காத அழுத்தத்துக்குத் தோலைச் சிலிர்க்கும், விலகும், வாலைச் சுழற்றும், கடைசியில் உதைக்கும். உதைக்கும் வரை காத்திருப்பவர் அதற்கு முன் வந்த எச்சரிக்கைகளைக் கவனிக்கத் தவறியவர். 2014இல் வெளியான ஒரு அளவுகோல் குதிரையின் முகத்தில் வலியைக் காட்டும் 6 அடையாளங்களைத் தொகுத்திருக்கிறது: பின்னோக்கி விறைத்த காது, சுருங்கிய இமை, கண்ணுக்கு மேலே இறுக்கம், முறுகிய தாடைத்தசை, இறுகிய வாயும் துருத்திய முகவாயும், விறைத்த மூக்குத்துளை. இவற்றைப் படமாக ஒட்டிவைத்தால் போதாது. ஒருவர் நீவும்போது இன்னொருவர் முகத்தை மட்டும் பார்த்து, மாறுதல் தெரிந்ததும் "எடு" என்று சொல்லட்டும். பார்ப்பவர் சொன்னால் நீவுபவர் உடனே கையை எடுத்தாக வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. குதிரையிடம் இதைப் பழகியவர்கள் மனிதரின் முகத்தையும் படிக்கத் தொடங்குவார்கள்.

குதிரைக்குப் பிடித்த தொடுதலும் உண்டு. பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்ளும். அந்த இடத்தைக் கோதினால் இதயத்துடிப்பு குறைகிறது என்று பிரான்ஸின் கமார்க் குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வு 1993இல் வந்தது. மாணவர் முதலில் கை வைக்க இதுவே நல்ல இடம். வேகத்தையும் அங்கேயே பழக்கு. மனிதத் தோலில் மெதுவான வருடலை உணர்வதற்கென்றே உள்ள நரம்பிழைகள், விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில்தான் நன்றாக விழிக்கின்றன. புதிதாக வருபவர்கள் எல்லாரும் இதைவிட அவசரமாகவே தேய்ப்பார்கள். ஓய்விலுள்ள பெரிய குதிரையின் நாடி நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 44. நீவுவதற்கு முன்னும் பின்னும் அதை எண்ணிக் குறிக்கச் சொல். "குதிரை நல்லா அமைதியாயிடுச்சு" என்ற பேச்சைவிட அந்த எண்ணை நம்பலாம். கொட்டாவி விட்டது, நாக்கைச் சப்பியது என்பதையெல்லாம் சிகிச்சை பலித்ததற்கு அத்தாட்சியாகக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். நீ அந்த வரிசையில் சேராதே.

வெளிநாட்டு முறைகளைப் படித்து வந்திருப்பதால் நம்முடையதைச் சிறிதாக நினைக்கவும் வேண்டாம், அதற்காகத் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். சித்த மருத்துவத்தின் புறமருத்துவம் 32 வகை; அதில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதுவே 9 வகையாக விரியும். கையின் செயல்களை இவ்வளவு தெளிவாகப் பிரித்த பாடத்திட்டம் உன் கையில் இருக்கும்போது பெயர்களுக்கு வெளியே அலையாதே. வர்மத்தில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பார்கள். எங்கே தட்டக்கூடாது என்பதையே அறிவாகச் சேர்த்துவைத்த மரபு அது. ஆனால் அதை ஆசானிடமோ, பாளையங்கோட்டை, தாம்பரம் போன்ற இடங்களில் முறையாகவோ படிக்காமல் உன் வகுப்பில் இரண்டு நாள் பாடமாக வைக்காதே. மனித வர்மப் புள்ளிகளை அப்படியே குதிரை மேல் குறித்துப் படம் போடுவதும் வேண்டாம்.

விலங்குக்கும் மனிதருக்கும் நடுவே இந்த வித்தை போய்வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர் கட்டு 1881 வாக்கில் தொடங்கியது; அது, காட்டில் கால் முறிந்த முயலுக்குத் தழை வைத்துக் கட்டியதிலிருந்து வந்தது என்று அந்தக் குடும்ப வழக்கில் சொல்வார்கள். குதிரைப் பயிற்சியாளரான லிண்டா டெல்லிங்டன்-ஜோன்ஸ், மனிதருக்கான முறையை மோஷே ஃபெல்டன்கிரைஸிடம் 1970களில் கற்று, அதைக் குதிரைகளுக்குக் கொண்டுபோனார். இந்த இரு தரப்புமே ஒரு உடம்பில் கண்டதை இன்னொன்றில் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தவர்கள். உன் மாணவர்களுக்கு நீ தர வேண்டியது அந்தப் பொறுமையைத்தான்.

இனி ஊர் நிலவரம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதுமே குதிரை, மட்டக்குதிரை சேர்த்து 3.4 லட்சம்தான், 2012ஐவிட 45 விழுக்காட்டுக்கு மேல் குறைவு. நம் பக்கம் பந்தய வண்டி, கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா என்று ஆங்காங்கே சில. அதனால் குதிரையை மட்டும் நம்பி இங்கே வகுப்பு நடத்த முடியாது. உன் மாணவர்கள் பிழைக்கப்போவது மனிதர்களை வைத்துத்தான். பாக்கு மரம் ஏறுபவரின் தொடை, நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து பாக்கு உரிக்கும் பெண்களின் இடுப்பும் கட்டைவிரலும், தறிக்காரரின் தோள், இவை பாடத்தில் வர வேண்டும். கூடவே, உரிக்கும் பலகையின் உயரத்தை மாற்றுவது நீவுவதைவிடப் பயன் தரலாம் என்பதையும் சொல். எருதாட்டக் காளைக்கும் வந்து பாருங்கள் என்று கேட்பார்கள். குதிரை படித்த கை மாட்டுக்கும் செல்லும் என்று எண்ணாதே. அதைத் தனியாகப் படித்தபின் பார்க்கலாம்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மாணவர்களைக் கூட்டிப் போ. மார்வாரி, கத்தியவாரி என்று வளைந்த காதுக் குதிரைகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். வாங்குபவர்கள் சுழி பார்த்துக்கொண்டிருப்பார்கள். உன் ஆட்கள் நடையைப் பார்க்கட்டும், எந்தக் காலைத் தாங்கி வைக்கிறது என்று எழுதட்டும். யாருடைய குதிரையையும் தொட வேண்டாம். கூட்டமும் சத்தமும் உள்ள இடத்தில், பழக்கமில்லாத குதிரையின் முதுகில் கை வைத்து வித்தை காட்டுவது ஆபத்து. வியாபாரத்துக்கு நடுவே ஒரு குதிரைக்குக் குறை சொல்வது வம்பு. அங்கே நிற்கும் லாயக்காரர்களிடம் பேச்சுக் கொடுக்கச் சொல். சிறு வயது முதல் குதிரையோடு கிடந்தவர்கள். பட்டம் இல்லாவிட்டாலும், எந்தக் குதிரை நாளைக்குத் தீனி எடுக்காது என்று இன்றைக்கே சொல்லிவிடுவார்கள். நாளை உன் வகுப்பில் வந்து உட்காரப்போகிறவர்களும் அவர்களே. அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டபின் உனக்குத் தெரிந்ததைச் சொல்.

சட்டத்தைக் கூச்சப்படாமல் முதல் வாரமே சொல்லிவிடு. 1984ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவரே கால்நடை மருத்துவம் பார்க்கலாம். மாநில அரசு அனுமதித்த பட்டயக்காரர்கள் செய்யும் சிறு சேவைகளும் அவர் மேற்பார்வையில்தான். நீ கொடுக்கும் சான்றிதழ் யாரையும் டாக்டர் ஆக்காது என்பதை அந்தத் தாளிலேயே அச்சிடு. "நோயைக் குணமாக்கும்" என்ற சொல்லை விளம்பரத்தில் போடாதே. இறுக்கம் தளரலாம், வலி சற்றுக் குறையலாம், அசைவு எளிதாகலாம்; இவ்வளவுதான் நாம் நேர்மையாகச் சொல்லக்கூடியது. கை வைக்கக்கூடாத மற்ற அறிகுறிகளையும் அதோடு சொல்லிவிடு. குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தரையைக் கீறி, உருண்டால் அது குடல் வலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, நேரம் போகப்போக உயிருக்கே வினை. மூக்கில் சளி வடிந்து, தோலில் வரிசையாகக் கட்டிகள் வந்தால் கிளாண்டர்ஸாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும், அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய். அந்த லாயத்துக்குள் நீவக் கால் வைக்காதே. மனிதரில், முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்து, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஆத்தூரைத் தாண்டினால் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல் கல்லூரி 1985 முதல் நடக்கிறது. அங்குள்ள மருத்துவர்களிடம் முன்கூட்டியே போய் அறிமுகம் செய்துகொள். அனுப்ப இடம் தெரிந்தவர்தான் தயங்காமல் கையை எடுப்பார்.

கடைசியாக, ஒரு பெண்ணாக உனக்குச் சொல்ல வேண்டியது. தொட்டுக் கற்கும் வகுப்பு இது. ஆணும் பெண்ணும் கலந்து வருவார்கள். யார் யாரோடு பழகுவது என்பதை நீ திணிக்காதே, அவர்களே சொல்லட்டும். தொடுவதற்கு முன் எந்த இடத்தை, எதற்காக என்று சொல்லிக் கேட்க வேண்டும். சரி என்றவர் நடுவில் வேண்டாம் என்றாலும் அதே நொடியில் நிறுத்த வேண்டும். இந்த விதி உனக்கும் பொருந்தும்: மாணவரின் கையைப் பிடித்துத் திருத்தும் முன் நீயும் கேள். வாத்தியார் கேட்டால்தான் மற்றவர்களுக்கு அது வழக்கமாகும்.

தேர்வு வைப்பாய் அல்லவா? பத்துப் பேரை நீவச் சொல்லும்போது, அதில் ஒருவரை ஒற்றைக்கால் வீங்கியதாக நடிக்கச் சொல். குதிரைப் பக்கம், தசை இறுகி, சிறுநீர் கறுத்த ஒரு குதிரையின் நிலையை எழுதிக் கொடு. கை வைக்காமல், யாரைக் கூப்பிடுவது என்று சொன்னவருக்கு முழு மதிப்பெண் போடு. அங்கேயும் அழகாக நீவிக் காட்டியவரைத் தோல்வி என்று எழுதி, அடுத்த வகுப்புக்கு மறுபடி வரச் சொல். அதற்குக் கட்டணம் வாங்காதே.

அன்புடன்,
உன் அக்கா