தானே ஓடும் டிராக்டரும் ஓட்டுநரின் கவனமும்

மணிலா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இரவில் புறப்படும் வண்டிக்காரர், வழியில் சற்றுக் கண்ணயர்வது மாட்டு வண்டிக் காலத்தில் வழக்கம். பழகிய மாடுகள் தாமே வழி பிடித்துச் செல்லும். எதிரே பள்ளம் இருந்தால் நின்றுவிடும். வண்டி நின்றதும் வண்டிக்காரர் விழித்துக்கொள்வார். ஆனால் தானே ஓடும் டிராக்டரை நம்பி இவ்வாறு கண்ணயர முடியாது. அதற்கான காரணத்தை உழவர்கள் அறிந்திருத்தல் நலம்.

கருவி செய்யும் வேலை

சென்னையை அடுத்த மகிந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவான ஓட்டுநர் இல்லாத டிராக்டர் 2017 செப்டம்பரில் காட்டப்பட்டது. இதற்கு முந்திய படியாக, சாதாரண டிராக்டரில் பொருத்தக்கூடிய தானியங்கி ஸ்டீயரிங் கருவிகள் உள்ளன. இவை செயற்கைக்கோள் குறிப்புகளைக் கொண்டு ஸ்டீயரிங்கைத் தாமே திருப்புகின்றன. தரை நிலையத்தின் திருத்தக் குறிப்பும் கிடைத்தால், 2 அல்லது 3 சென்டிமீட்டர் பிசகுக்குள் நேராகச் சால் ஓட்டலாம். உழவு இரட்டிப்பதும் விட்டுப்போவதும் குறைவதால் டீசல் மிச்சமாகும்.

ஆனால் இந்த ஸ்டீயரிங் கருவிக்குப் போகும் கோடு மட்டுமே தெரியும். கோட்டின் குறுக்கே கிடப்பது தெரியாது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றின் முன் மாடு நின்றுவிடும். இக்கருவி நிற்காது. அடர்ந்த மரங்களின் கீழ் குறிப்பு தடைப்பட்டால் கருவி பொறுப்பை ஓட்டுநரிடம் விட்டுவிடும்.

கை முந்தும், கவனம் பிந்தும்

ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஒரு நொடி போதும். எங்கே இருக்கிறோம், எதிரே என்ன, எந்தப் பக்கம் திருப்புவது என்பவை மனத்தில் பதிய அதிக நேரம் வேண்டும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக் கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அவசரமில்லாத நிலையில் காரைத் திரும்பக் கையில் எடுக்க ஓட்டுநர்களுக்கு 1.9 நொடி முதல் 25.7 நொடி வரை பிடித்தது.

வேலையின்றி வெறுமனே கண்காணிப்பதும் எளிதன்று. கடிகார முள் போன்ற ஒன்றைத் தொடர்ந்து கவனிக்கச் செய்து மாக்வர்த் என்ற ஆங்கில உளவியல் அறிஞர் 1948இல் வெளியிட்ட ஆய்வில், முதல் அரைமணி நேரத்திற்குள்ளாகவே கவனம் குன்றியது தெரிந்தது.

அமெரிக்காவின் டெம்பி நகரில் 2018 மார்ச் 18 இரவு, தானே ஓடிய சோதனைக் கார் ஒன்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் மீது மோதியது, அவர் இறந்தார். மோதுவதற்கு 5.6 நொடிக்கு முன்பே கருவி அவரைக் கண்டும், நடந்து செல்பவர் என்று சரியாக இனம் காணவில்லை. காரில் இருந்த கண்காணிப்பாளர் தலை நிமிர்ந்தபோது மீதமிருந்தது ஏறத்தாழ ஒரே நொடி.

நம் நிலங்களில்

டிராக்டர் மெதுவாகத்தானே போகிறது என்று எண்ணலாம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் 10 நொடி கவனம் பிசகினால் வண்டி 14 மீட்டர் நகர்ந்துவிடும். குடைவரைக் கோயிலுக்குப் பெயர் பெற்ற மண்டகப்பட்டு போன்ற செஞ்சி வட்டாரச் சிற்றூர்களில் சிறு நிலங்களைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சதுரமான 1 ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். முக்கால் நிமிடத்திற்கு ஒருமுறை வரப்பு வந்துவிடும். ஒன்றரை மீட்டர் அகலமுள்ள ரோட்டவேட்டர் என்றால் ஏக்கருக்கு 40 முறைக்கு மேல் ஸ்டீயரிங்கைத் திரும்பக் கையில் எடுக்க வேண்டும். ஆகவே சிறு நிலத்தில் கருவியின் திறனைவிட, இந்தக் கைமாற்றமே முக்கியம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. வேலை தொடங்குமுன் நிலத்தைச் சுற்றி நடந்து கிணறு, பாறை, மின்கம்பம், இழுவைக் கம்பி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. கிணற்றை ஒட்டிய சால்களைக் கருவியிடம் விடாமல் கையாலேயே ஓட்ட வேண்டும்.

3. வரப்புக்கு 15 மீட்டர் முன்பாக ஒரு கொடி நட்டு, அங்கேயே ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட வேண்டும். மணி அடிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

4. ஐயம் ஏற்பட்டால் முதலில் நிறுத்த வேண்டும், திருப்புவது பிறகு. வயலில் இரு பிரேக்குகளையும் இணைக்கும் கொக்கி கழற்றப்பட்டிருக்கும். ஆகவே கிளட்சுடன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து மிதிக்க வேண்டும்.

5. வண்டி ஓடும்போது செல்பேசி பார்ப்பதும், இருக்கையை விட்டு எழுவதும் கூடாது. அரைமணிக்கு ஒருமுறை நிறுத்தி, இறங்கி, கலப்பையைப் பார்வையிட்டால் அசதியும் நீங்கும்.

நெடுஞ்சாலையில் ஓடும் காரை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. வயலில் ஓடும் டிராக்டரை நிறுத்தலாம். உழவருக்கு உள்ள இந்த வசதியைத் தயங்காமல் பயன்படுத்திக்கொண்டால், வண்டியும் தப்பும், ஓட்டுநரும் வீடு திரும்புவார்.