தொப்புள் குடலிறக்கமும் அதற்குரிய சிகிச்சையும்

பெரம்பலூரின் சின்ன வெங்காய மூட்டைகளும் பருத்திப் பொதிகளும், அரியலூரின் முந்திரி மூட்டைகளும் இன்றும் பெரும்பாலும் மனிதர் தோளிலேயே ஏறி இறங்குகின்றன. இவ்வாறு சுமக்கும் ஒருவருக்குத் தொப்புளருகே புடைப்புத் தோன்றினால், வலியில்லை என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுதல் நம் வழக்கமாக இருந்து வருகிறது. இது கைவிடத்தக்க வழக்கமாகும்.

தொப்புள் வயிற்றுச் சுவரில் இயல்பாகவே வலுக்குறைந்த இடம். உடற்பருமன், பல பேறுகள், நீங்காத இருமல், மலச்சிக்கல், பளு தூக்குதல் ஆகியவற்றால் அவ்விடம் திறந்து, உள்ளிருக்கும் கொழுப்போ குடலோ வெளியே பிதுங்குகிறது. குழந்தைகளுக்கு இத்துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும், பெரியவர்களுக்கு மூடுவதில்லை. மருந்தும் இடுப்புப் பட்டையும் துளையை அடைக்கமாட்டா. அறுவையே வழி.

அறுவை முறைகள் மூன்று. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த துளையைத் தையலால் மட்டும் மூடலாம். அதனினும் பெரிதாயின், செயற்கை இழை வலையை உள்ளே வைத்து வலுவூட்டுவர். 1 முதல் 4 சென்டிமீட்டர் வரையுள்ள துளைகளைப் பற்றி 2018-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், தையல் மட்டும் போடப்பட்டோரில் நூற்றுக்குப் பன்னிருவருக்கும், வலை வைக்கப்பட்டோரில் நூற்றுக்கு நால்வருக்குமே நோய் திரும்பியது. துளை மிகப் பெரிதாயினும், உடல் பருத்திருப்பினும், சிறு துளைகளின் வழியே கருவி செலுத்திச் செய்யும் முறை ஏற்புடையதாகலாம். எது தக்கதென்பதை மருத்துவரே முடிவு செய்வார். புகையை விடுதலும், சர்க்கரை நோயையும் எடையையும் கட்டுப்படுத்துதலும் முன்னதாகச் செய்யவேண்டியவை.

அறுவைக்குப் பின் மருத்துவர் குறிக்கும் சில வாரங்கள் பளு தூக்கலாகாது. ஆகவே, தொல்லை தராத புடைப்பாயின், மருத்துவரைக் கலந்து, அறுவடை முடிந்த ஓய்வுக் காலத்தில் செய்துகொள்வது உழவர்க்கு நலம்.

ஆனால் புடைப்பு திடீரெனக் கெட்டியாகி, உள்ளே செல்லாமல், கடும் வலியும் வாந்தியும் கண்டால், ஒரு கணமும் காத்திருத்தல் கூடாது. சிக்கிய குடலுக்கு இரத்தவோட்டம் நின்று, சில மணி நேரத்தில் அது அழுகத் தொடங்கும், உயிருக்கே இடையூறாகும். அழுத்தித் தள்ள முயலாது, உணவும் கொடாது, 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

பெரம்பலூரில் மாவட்ட அரசு மருத்துவமனையும், அரியலூரில் 2022-இல் தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உடையோர் அதனையும் எடுத்துச் செல்க. கிராம சபை கூடும்போது ஊராட்சி உறுப்பினர்கள் இச்செய்தியை எடுத்துரைப்பின், வெட்கத்தால் மறைத்து வைக்கும் தாய்மாரும் முன்வருவர். சிறு புடைப்பைக் காலத்தே சீர்செய்தால், பெருந்துன்பம் ஒன்று அக்குடும்பத்தை அணுகாது.