ஆகாய விமானமும் கரியமிலவாயுவும்

விமானக் கம்பெனிகள் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளில் இப்பொழுது புதியதோர் அதிகாரம் காணப்படுகின்றது. சுற்றுப்புறத்திற்குத் தம்மால் விளையும் கேட்டைக் குறைக்க என்னென்ன செய்தோம் என்று அதில் விரித்துரைக்கின்றார்கள். அதில் மெய் எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்பதை மாணவர்களாகிய நாம் ஆராய்ந்து பார்ப்பது நலம். நம் நாட்டில் மிகுதியான பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் இண்டிகோ கம்பெனியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் கணக்கு. விமானத்தில் எரிவது தூய்மை செய்யப்பெற்ற ஒருவகை மண்ணெண்ணெயே ஆகும். அதில் ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கரியமிலவாயு உண்டாகின்றது. ஒன்று எரிந்து மூன்று வெளிவருவது எங்ஙனம் என்று சிலர் ஐயுறலாம். எண்ணெயிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்கின்றது, அந்தப் பிராணவாயுவின் எடையும் கூடுகின்றது, அவ்வளவே. டில்லியிலிருந்து சென்னைக்கு 180 பேருடன் செல்லும் ஓர் ஏர்பஸ் ஏ-320 விமானம் 6 டன் எண்ணெய் எரிப்பதாக வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 19 டன் கரியமிலவாயு வெளிப்படும். ஆள் ஒன்றுக்கு 100 கிலோவுக்குச் சற்று மேல். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் ஒருவர் தம் எடையைப்போல் மூன்று மடங்கை வானில் விட்டு வருகின்றார் எனலாம்.

இதனைக் குறைக்கக் கம்பெனி செய்த காரியங்களுள் தலையாயது புதிய விமானங்களை வாங்கியதே. 2016-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஏ-320 நியோ என்னும் வகையின் முதல் விமானம் இண்டிகோவுக்கு வந்து சேர்ந்தது. பழைய ஏ-320-ஐ விட இது நூற்றுக்கு 15 பங்கு எண்ணெய் குறைவாகக் குடிக்கும் என்பது செய்தவர்களின் கணக்கு. எப்படிக் குறைகின்றது? இங்கே பள்ளியில் படித்த பௌதிகமே நமக்குத் துணை செய்யும். விமானத்தை முன்னே தள்ளுவதற்கு எஞ்சின் காற்றைப் பின்னே தள்ளுகின்றது. தள்ளும் விசை, காற்றின் நிறையையும் அதன் வேகத்தையும் பெருக்கிய அளவைப் பொறுத்தது. அதற்குச் செலவாகும் சக்தியோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே இரு மடங்கு காற்றைப் பாதி வேகத்தில் தள்ளினால் விசை குறையாது. அக்காற்றுக்குக் கொடுக்க வேண்டிய சக்தி மட்டும் பாதியாகும். கொஞ்சம் காற்றை மூர்க்கமாகத் தள்ளுவதைவிட நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம்! புதிய எஞ்சினில் விசிறி பெரிது. எரியறைக்குள் செல்லும் காற்றைப்போல் ஏறக்குறைய 12 மடங்கு காற்றை அது புறத்தே தள்ளுகின்றது. பழைய எஞ்சினில் இது 5 மடங்கை ஒட்டியே இருந்தது. பெரிய விசிறி விரைந்து சுழன்றால் அதன் நுனி ஒலியின் வேகத்தை மிஞ்சித் தொல்லை தரும். ஆதலின் நடுவே பற்சக்கரங்களை வைத்து விசிறியின் வேகத்தைக் குறைத்திருக்கின்றார்கள்.

ஆனால் நூலிற் படிக்கும் எஞ்சின் வேறு, நாள்தோறும் பறக்கும் எஞ்சின் வேறு. அந்த எஞ்சின்களைச் செய்யப் பயன்பட்ட உலோகத் தூளில் குறை இருந்தது என்று 2023-இல் தெரியவந்தது. இண்டிகோவின் 70-க்கும் மேற்பட்ட விமானங்கள் சோதனைக்காகத் தரையில் நிற்க நேர்ந்தது. பறப்பதை நிறுத்த இயலாத கம்பெனி, பழைய ஏ-320 விமானங்களை வாடகைக்கு எடுத்துக்கொண்டது. திருப்பித் தரவேண்டியவற்றின் தவணையையும் நீட்டிக்கொண்டது. மிச்சம் பிடித்த எண்ணெயில் ஒரு பகுதி இவ்வாறு போயிற்று.

எஞ்சினுக்கு அடுத்தபடி, விமானத்தை ஓட்டும் முறையிலும் சிக்கனம் உண்டு. தரையில் ஊர்ந்து செல்லும்பொழுது இரண்டு எஞ்சின்களில் ஒன்றை மட்டும் இயக்குவது ஒன்று. இறங்கும்பொழுது படிப்படியாக இறங்காமல் ஒரே சரிவாக இறங்கி வருவது மற்றொன்று. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் ராஜஸ்தானத்தில் உள்ள கிஷன்கட் விமான நிலையத்தில், ககன் என்னும் நம் நாட்டுச் செயற்கைக் கிரக வழிகாட்டு முறையைக் கொண்டு இண்டிகோ விமானம் ஒன்று இறங்கியது. தரையில் விலையுயர்ந்த கருவிகள் இல்லாத சிறு நிலையங்களிலும் சுற்றி வளைக்காமல் நேரே இறங்க இம்முறை உதவும்.

இவை யாவும் கம்பெனிக்கும் இலாபம் தருபவை என்பதை நாம் மறக்கலாகாது. கம்பெனியின் செலவில் மூன்றில் ஒரு பங்கோ, அதற்கு மேலுமோ எண்ணெய்க்கே போகின்றது. காசும் காற்றும் ஒரே திசையில் நிற்கும்வரை தொல்லை இல்லை. அவை பிரிந்து நிற்கும் இடமும் ஒன்று உண்டு. விமான எண்ணெயின் மீது மாநிலங்கள் விதிக்கும் வரி ஒன்றுபோல் இல்லை. சில மாநிலங்களில் நூற்றுக்கு 1, சிலவற்றில் 25-க்கும் மேல். ஆகவே மலிவான ஊரில் திரும்பும் பயணத்திற்கும் சேர்த்து எண்ணெயை நிரப்பிக்கொண்டு பறப்பது விமானத் தொழிலில் வழக்கம். கூடுதலாகச் சுமக்கும் ஒவ்வொரு டன்னுக்கும், மணிக்கு ஏறக்குறைய 30 கிலோ எண்ணெய், சுமப்பதற்கென்றே எரிந்துபோகும். பணம் மிச்சம், கரியமிலவாயு மிகுதி. அறிக்கையின் அந்த அதிகாரத்தில் இதற்கு எவ்வளவு இடம் தரப்படுகின்றது என்று தேடிப் பார்ப்பது நல்ல பயிற்சியாகும்.

இனி, எண்ணெயையே மாற்றும் முயற்சி. செடி, கழிவு, சமையலில் பயன்படுத்தித் தீர்ந்த எண்ணெய் ஆகியவற்றிலிருந்து விமான எண்ணெய் செய்யலாம். எரியும்பொழுது இதுவும் கரியமிலவாயுவையே தரும்; எனினும் அந்தக் கரி, செடி சிறிது காலத்திற்குமுன் காற்றிலிருந்து எடுத்ததே ஆதலால் கணக்கு ஓரளவு நேராகின்றது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் ஸ்பைஸ்ஜெட் கம்பெனியின் விமானம் ஒன்று டேராடூனிலிருந்து டில்லிக்கு இவ்வாறு பறந்தது. நம் வேலியோரத்துக் காட்டாமணக்கின் விதையிலிருந்து டேராடூன் பெட்ரோலிய ஆராய்ச்சி நிலையத்தார் அந்த எண்ணெயை வடித்தனர். இண்டிகோவும் 2022 பிப்ரவரியில் பிரான்சு நாட்டின் துலூஸ் நகரிலிருந்து புதிய விமானம் ஒன்றை, நூற்றுக்கு 10 பங்கு இத்தகைய எண்ணெய் கலந்து டில்லிக்குக் கொண்டுவந்தது. ஆயினும் இதன் விலை சாதாரண எண்ணெயைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், கிடைப்பதோ சொற்பம். வெளிநாடு செல்லும் விமானங்களுக்கு நம் அரசாங்கம் குறித்துள்ள இலக்கே 2027-இல் நூற்றுக்கு 1, 2028-இல் 2, 2030-இல் 5 என்ற அளவில்தான் உள்ளது.

இப்பொழுது அறிக்கையிலுள்ள அளவுகோலைக் கவனிப்போம். ஓர் இருக்கை ஒரு கிலோமீட்டர் செல்ல எத்தனை கிராம் கரியமிலவாயு என்பதே கம்பெனிகள் விரும்பிக் காட்டும் அளவு. அது குறைந்து வருவது மெய். அதில் பொய் இல்லை. ஆனால் வானம் கிராம் கணக்கில் இருக்கை பார்ப்பதில்லை. உள்நாட்டு விமானங்களில் 2014-இல் ஏறக்குறைய 6.7 கோடிப் பேர் பிரயாணம் செய்தனர், 2024-இல் 16.1 கோடிப் பேர். ஒருவருக்கு ஆகும் எண்ணெய் நூற்றுக்கு 20 பங்கு குறைந்ததென்று தாராளமாகவே வைத்துக் கணக்கிட்டாலும், முன்பு 100 டன் வெளிவந்த இடத்தில் இப்பொழுது 190 டன்னுக்குமேல் வெளிவரும். இதற்காகக் கம்பெனியை மட்டும் குறைகூறுவது முறையன்று. முன்பு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் கழித்து ஊர் சேர்ந்தவர்கள் இன்று மூன்று மணி நேரத்திற்குள் சேர விரும்புகின்றார்கள். அந்த விருப்பம் தவறென்று யாரும் சொல்லிவிட முடியாது.

மொத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு ஒன்றும் இல்லாமல் இல்லை. அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்துச் சங்கம் 2016-இல் ஒரு திட்டம் வகுத்தது. 2019-ஆம் ஆண்டு அளவில் நூற்றுக்கு 85 பங்கை எல்லையாகக் கொண்டு, உலக விமானப் போக்குவரத்து அதனை மீறும் அளவுக்கு ஏற்பக் கம்பெனிகள் வேறிடத்தில் கரியைக் குறைக்கும் பணிகளுக்குப் பணம் கொடுத்து ஈடுகட்ட வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா 2027 முதல் இதற்குக் கட்டுப்பட்டது. ஆனால் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குச் செல்லும் விமானங்களுக்கு மட்டுமே இத்திட்டம் பொருந்தும். மேலே நாம் கணக்கிட்ட டில்லி-சென்னை விமானத்தின் 19 டன் இதில் சேராது.