பாப்பாவுக்கு இன்ஹேலர் கொடுப்பது யார்?

மனைவிக்கு வேறொருவருடன் தொடர்பு இருப்பது தெரிந்த சில நாட்களில், சென்னையைச் சேர்ந்த அந்தத் தந்தை வக்கீலைத் தேடிப் போனார். கையில் வாட்ஸ்ஆப் உரையாடல்களின் பிரின்ட் அவுட், ஒரு கட்டு. "இதைக் காட்டினா பாப்பா என்கிட்டதானே வருவா மேடம்?"

வக்கீல் கட்டைப் பிரிக்கவில்லை. "ராத்திரி குழந்தைக்கு வீசிங் வந்தா யார் சார் எழுந்திருப்பீங்க?" என்று கேட்டார்.

எழுந்திருப்பவர் அவர்தான். ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேசரில் இன்ஹேலரைப் பொருத்தி அழுத்தி, அவள் மூச்சை இழுத்துவிடுவதை எண்ணுவார். டாக்டர் சீட்டு, தடுப்பூசி அட்டை, பள்ளி டைரியில் போட்ட கையெழுத்து எல்லாம் வீட்டிலேயே இருந்தன. முதலில் அவற்றைத் தேதி வாரியாக அடுக்கச் சொன்னார் வக்கீல். துரோகத்தால் வெந்துபோயிருந்த மனிதருக்குக் கோபம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்?

ஆனால், வக்கீல் சொன்னதில் நியாயம் இருந்தது. திருமணம் மீறிய உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை 2018-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. விவாகரத்து கேட்க அந்த உறவு இன்றைக்கும் ஒரு காரணம்தான். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பது தனிக் கேள்வி. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956-ன்படி 5 வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கும். ஆனால், எந்த வயதானாலும் குழந்தையின் நலனே முதல் அளவுகோல். மனைவியின் தவறான உறவைக் காட்டி மகளைக் கேட்ட ஒரு தந்தையின் வாதத்தை 2024-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. தவறியவர் கணவர் என்றாலும் இதே அளவுகோல்தான்.

உறவினர் ஒருவர் டி.என்.ஏ. சோதனை கேட்கச் சொன்னார். நல்லவேளை, தந்தை அப்படிக் கேட்கவில்லை. மனைவியின் நடத்தையை நிரூபிக்கக் குழந்தையை இப்படிச் சர்வசாதாரணமாகச் சோதனைக்கு அனுப்பக் கூடாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டம் இடம் கொடுத்தாலும், பெரியவர்களின் சண்டைக்குப் பிள்ளையின் ரத்தத்தைச் சாட்சிக்கு அழைப்பது கொடுமை.

கோர்ட்டைவிட வீடுதான் கடினமாக இருந்தது. பாட்டி, பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டே மருமகளைச் சபிப்பார். "அம்மா, பாப்பா முன்னாடி வேண்டாம்மா" என்று அவர் தினமும் தடுக்க வேண்டியிருந்தது. பெற்றோரில் ஒருவர் மீது பிள்ளைக்கு வெறுப்பூட்டி வளர்ப்பதன் பாதிப்பைப் பற்றி, 2017-ல் ஒரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே விரிவாகப் பேசியிருக்கிறது. அம்மா வீட்டுக்கு யார் வந்தார்கள், யாரோடு பேசினார்கள் என்று மகளிடம் துருவாமல் இருந்ததுதான் இந்தத் தந்தை செய்தவற்றில் ஆகச் சிறந்தது.

விவாகரத்து வழக்கு இழுத்துக்கொண்டே போகும் என்பதால், இடைக்காலப் பொறுப்பு கேட்டு உடனே மனு போட்டார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே ஒப்படைப்பது, கோடை விடுமுறையில் யாரிடம் எத்தனை நாள், வீடியோ காலுக்கு எந்த நேரம், பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது என எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டார்கள். 'வசதிப்படி பார்க்கலாம்' என்ற ஒரு வரி இருந்தால், ஒவ்வொரு வாரமும் புதுச் சண்டைதான். இப்போது பாப்பா வார நாட்களில் அம்மாவிடமும் வார இறுதியில் அப்பாவிடமும் இருக்கிறாள். இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு இன்ஹேலர் உண்டு.

மருத்துவ, பள்ளிக் காகிதங்களை அவர் இன்னும் சேர்த்துவருகிறார். குழந்தையின் நலன் கோரினால் பொறுப்பு குறித்த உத்தரவைப் பின்னாளில் மாற்றலாம் என்று 1973-லேயே ரோஸி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.