"உங்க பிள்ளை" என்று சொல்லாதீர்கள்

ஒரே வகுப்பறையை முதன்முறையாகப் பகிர்ந்துகொள்ளப் போகும் வகுப்பாசிரியர்களுக்கும் சிறப்புப் பயிற்றுநர்களுக்கும், அரசுப் பள்ளியில் ஆயுளைக் கழித்த ஓர் அக்கா சொல்கிறேன்.

1. முதலில் ஒரு பேச்சை விட்டுவிடுங்கள். சிறப்புப் பயிற்றுநர் வாசலில் தலைகாட்டியதும், "உங்க பிள்ளை அங்க இருக்கான் டீச்சர்" என்று கடைசி பெஞ்சில் இருந்த மாற்றுத்திறன் பையனைக் கைகாட்டியவள்தான் நானும். ஓராண்டு அப்படியே போயிற்று. ஒரு புதன்கிழமை அவர் வரவில்லை. அந்தப் பையன் கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான்: "எங்க டீச்சர் எப்ப வருவாங்க?" தினமும் வருகைப்பதிவில் அவன் பெயரைக் கூப்பிட்டவள் நான். அன்றுதான் எனக்கு உறைத்தது.

2. இருவரும் சட்டத்தைத் தெரிந்துவைத்திருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், இரண்டாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கும் அதில் வழியிருக்கிறது. பெற்றோரிடம் பேசும்போது இவற்றைச் சலுகை என்று சொல்லாதீர்கள். உரிமை என்றே சொல்லுங்கள்.

3. முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தொடக்க நிலையில் மாற்றுத்திறன் பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்புப் பயிற்றுநர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வட்டார வள மையத்திலிருந்து வருகிறவர் பல பள்ளிகளுக்கு ஓட வேண்டியிருக்கிறது. வந்த பிறகு "இன்னிக்கு என்ன பாடம்?" என்று கேட்க வைத்தால் பாதிப் பீரியடு போய்விடும். முந்தின நாளே போனில் பத்து நிமிடம் பேசிவிடுங்கள்: என்ன பாடம், யார் எதை நடத்துவது, அந்தப் பிள்ளை அன்று எதைக் கற்றுக்கொண்டால் போதும்.

4. இடம் மாறி நில்லுங்கள். சிறப்புப் பயிற்றுநர் கையிலும் சாக்பீஸ் இருக்கட்டும். அவர் வகுப்பு முழுவதற்கும் கதை வாசிக்கட்டும். அந்த நேரம் வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்காரட்டும். அவன் எங்கே தடுமாறுகிறான் என்பது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

5. பாடம் ஒன்றாகவே இருக்கட்டும், வழி மாறட்டும். மற்றவர்கள் பின்னத்தை எழுதும்போது இவன் காகிதத்தை மடித்து அரை, கால் காட்டட்டும். காது மந்தமான பிள்ளை இருந்தால் கரும்பலகையைப் பார்த்துப் பேசாதீர்கள். உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று பேசுங்கள். பார்வை குறைந்த பிள்ளை இருந்தால் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். செய்து பாருங்கள், வகுப்பில் வேறு நாலு பிள்ளைகளுக்கும் பாடம் தெளியும்.

6. பிள்ளையைத் தனியே கூட்டிப்போகும் நேரத்தை யோசித்து எடுங்கள். சில பயிற்சிகளுக்குத் தனியிடம் வேண்டும்தான். அதற்காக விளையாட்டுப் பீரியடில் கை வைக்காதீர்கள். அவனுக்குக் கூட்டாளிகள் சேரும் நேரம் அது.

7. கருத்து வேறுபட்டால் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பேசுங்கள். ஒருவர் இன்னொருவரைத் திருத்துவதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டால், அவர்களுக்கு ஒருவர் பெரிய டீச்சர், மற்றவர் சின்ன டீச்சர் ஆகிவிடுவார்.

8. ஏப்ரலில் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்: என்ன கற்றுக்கொண்டான், எப்படிச் சொன்னால் புரிந்துகொள்கிறான், எதற்குப் பயப்படுகிறான், பக்கத்தில் யார் இருந்தால் சிரிக்கிறான். அடுத்த வகுப்பு ஆசிரியர் ஜூனில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. அந்தத் தாளின் அடியில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.