பழைய மின் சரக்கு வண்டி: வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு



ரசாயனம் போடாமல் கீரை விளைவிக்கிறோம். அதை அம்பத்தூர் அடுக்ககங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க டீசல் வண்டியை வாடகைக்குப் பிடிக்கிறோம். விளைச்சலில் மிச்சம் பிடித்த காசு வாடகையில் போய்விடுகிறது. "சார், மின் வண்டி ஒண்ணு பழசா வாங்கிப் போட்டா என்ன?" என்று நம் கூட்டங்களில் பலர் என்னிடம் கேட்கிறார்கள். வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் கடன் மேசையில் உட்கார்ந்தவன், கணக்கு தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. நானே ஒரு முறை தப்புக் கணக்குப் போட்டவன். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எனக்கு வீடு பட்டாபிராமில், நிலம் பூண்டி ஏரிக்குப் பக்கத்தில். இரண்டு வருஷத்துக்கு முன் பழைய மின் லோடு ஆட்டோ ஒன்றை, விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக வாங்கினேன். ஒரு சனிக்கிழமை விடியற்காலை, திருநின்றவூர் அருகே சி.டி.எச். சாலையில் வண்டி நின்றுவிட்டது. மீட்டர் இருட்டு, சாவி போட்டால் சத்தமே இல்லை. உள்ளே ஆறு பேருடைய கீரை, முருங்கை, கத்தரிக்காய். உதவி எண்ணுக்குப் போன் போட்டால் ஆள் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். எங்களோடு கீரை போடும் பெண்மணி ஒருவர் கேட்டார்: "வண்டி நிக்கும் சார், கீரை நிக்குமா?" என்னிடம் பதில் இல்லை. ஒரு டிராக்டரைப் பிடித்து, கயிறு கட்டித் திருவள்ளூர் வரை இழுத்துவரச் சொன்னேன்.

பிறகுதான் தெரிந்தது, கெட்டுப்போயிருந்தது சில ஆயிரம் ரூபாய் பெறும் 12 வோல்ட் சின்ன பேட்டரி மட்டும். கயிறு கட்டி இழுத்ததில் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரும் போய்விட்டது. வண்டியைக் கெடுத்தது வண்டியின் குறை இல்லை, என் அறியாமை. கீரைக்கான பணத்தை என் கையிலிருந்து கொடுத்தேன். அடுத்த முறை ஆறு பேரும் பணம் போட்டு நான்கு சக்கர வண்டி பார்க்கப் போனபோது, கடன் மனுவை அலசுவதுபோல ஒவ்வொன்றாக அலசினோம். அந்த வரிசையிலேயே கீழே தருகிறேன்.

1. உங்களுக்கு மின் வண்டி தேவையா?

எங்கள் ஓட்டம் இது: பூண்டியிலிருந்து அம்பத்தூர் ஏறக்குறைய 45 கிலோமீட்டர், அங்கே வீடு வீடாகக் கொடுக்க 10, திரும்ப 45. ஆக 100 கிலோமீட்டர். சிறிய டீசல் வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் ஒரு நடைக்கு 575 ரூபாய். மின் வண்டிக்கு, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, சுமார் 20 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றால் 200. ஒரு நடைக்கு மிச்சம் 375.

நான் ஒருவன் வாரம் இரண்டு நடை போனால் வருஷத்துக்கு 100 நடை, மிச்சம் 37,500. ஆறு பேர் சேர்ந்து வாரம் நான்கு நடை போனால் 75,000. பெரிய பேட்டரி கெட்டால் செலவு லட்சங்களில் வரும். அதனால் மின் வண்டி ஓடினால்தான் லாபம். வாரத்தில் ஒரு நாள், அதுவும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மட்டும் போகிறவர் வாடகை வண்டியோடு நிற்பதே நல்லது. சேர்ந்து வாங்கினால் கணக்கு உதைக்காது.

2. சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம்?

இதை வீட்டிலிருந்து அளக்காதீர்கள், வண்டி ஓடும் பாதையிலிருந்து அளந்து பாருங்கள். எங்கள் நிலத்துக்கும் சர்வீஸ் சென்டருக்கும் 45 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் காய் கொண்டுபோகும் நாளில் வண்டி எப்படியும் அந்தப் பக்கம் போகிறது. காயை இறக்கிவிட்டு அங்கே விட்டால், தனியாக ஒரு நடை போக வேண்டியதில்லை. உங்கள் சந்தை ஒரு திசையிலும் சர்வீஸ் சென்டர் எதிர்த் திசையிலும் இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசியுங்கள்.

வாங்குவதற்கு முன் நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மாடலுக்கு உதிரி பாகம் கையிருப்பில் இருக்கிறதா? வண்டி நடுவழியில் நின்றால் ஊர்வரை ஆள் வருவாரா? உயர் அழுத்த வேலைக்குப் பயிற்சி பெற்ற மெக்கானிக் எத்தனை பேர்? அந்த மூன்றாவது கேள்விக்கு "ஒருத்தர்" என்று பதில் வந்தால், அவர் லீவில் இருக்கும் நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

3. பேட்டரியை எப்படிச் சோதிப்பது?

சந்தையில் இருக்கும் வண்டிகளின் அளவு தெரிய இரண்டு உதாரணம். 2020 அக்டோபரில் வந்த மஹிந்திரா ட்ரியோ ஸோர் மூன்று சக்கர வண்டி, 550 கிலோ ஏற்றும், பேட்டரி 7.37 யூனிட் கொள்ளளவு. நம் ஊரில் குட்டி யானை என்கிற டாடா ஏஸின் மின் வடிவம் 2022 மே மாதம் அறிமுகமாகி, 2023 ஜனவரியில் கைக்கு வரத் தொடங்கியது. 600 கிலோ ஏற்றும், பேட்டரி 21.3 யூனிட், சான்றளித்த தூரம் 154 கிலோமீட்டர். சான்றளித்த தூரம் சோதனைக் கூடத்துக் கணக்கு. சுமை, வெயில், பேட்டரியின் வயசு மூன்றும் அதைக் குறைக்கும்.

சர்வீஸ் சென்டரில் பேட்டரியின் ஆரோக்கிய அளவைக் கம்ப்யூட்டரில் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். அத்தோடு நீங்களும் ஒரு சோதனை செய்யுங்கள். 100 சதவீதம் ஏற்றி, 400 கிலோ மூட்டை போட்டு, உங்கள் பாதையிலேயே ஓட்டுங்கள். நாங்கள் 70 கிலோமீட்டர் ஓட்டியபோது 42 சதவீதம் மிச்சம் இருந்தது. அதாவது 58 சதவீதத்துக்கு 70 கிலோமீட்டர், முழுசாக 120. நூறு கிலோமீட்டர் நடைக்கு 17 சதவீதம்தான் மிஞ்சும். மழை நாளில் அது போதாது. அதனால் திரும்பும் வழியில் பட்டாபிராமில் என் வீட்டில் இரண்டு மணி நேரம் சார்ஜ் போடுகிறோம். 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். அந்த இரண்டு மணி நேரத்தில் சாப்பாடும் கணக்கு எழுதுவதும் முடிந்துவிடும்.

சோதனை ஓட்டத்தில் சதவீதம் சீராக இறங்குகிறதா என்றும் பாருங்கள். 35-இல் இருந்து திடீரென 15-க்கு விழுந்தால் செல்களில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் பேட்டரியை முழுசாக ஏற்றாமலே வைத்திருந்தாலும் மீட்டர் இப்படிப் பிசகும். அதனால் ஒரு முறை முழுசாக ஏற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

4. வெள்ளத்தில் நின்ற வண்டியா?

நம் பக்கத்துக்கு இது முக்கியம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உட்பட மேற்குப் புறநகரில் எத்தனையோ இடம் தண்ணீரில் நின்றது. நாங்கள் பார்த்த இரண்டாவது வண்டி பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தோம், உள்பக்கம் சேற்றுக் கோடு. இருக்கைக்கு அடியில் கம்பி இணைப்புகளில் பச்சைப் பாசி போல் களிம்பு. விலை ஒரு லட்சத்துக்கு மேல் குறைவு. கூட வந்த தம்பிக்கு ஆசைதான், "துடைச்சுக்கலாம் சார்" என்றார். பேட்டரிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் துடைக்க முடியாது. காப்பீட்டு நிறுவனத்தில் பழைய இழப்பீட்டுக் கோரிக்கை ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. காகிதம்

முதலில் பார்த்த வண்டியை இங்கேதான் விட்டோம். ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. "கடன் முடிஞ்சிடுச்சு, பேப்பர் வந்துடும்" என்றார் புரோக்கர். இந்த வசனத்தை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து நிறைய கேட்டிருக்கிறேன். கடன் கொடுத்தவரின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முன்பணம் தராதீர்கள். சில மின் வண்டிகளைக் கடன் பாக்கிக்காகத் தூரத்திலிருந்தே நிறுத்திவிடவும் முடியும். அதனால் வண்டியின் செயலிக் கணக்கையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

மற்றவை: பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28. வாங்கியவர் 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். சரக்கு வண்டி என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. மின் சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018-லேயே விலக்கு கொடுத்துவிட்டது. எஃப்.சி. உண்டு, முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை.

இரண்டு மூன்று சக்கர வண்டிகளை பேட்டரி இல்லாமலே விற்றுப் பதிவு செய்ய 2020 ஆகஸ்டில் அனுமதி வந்தது. எனவே லோடு ஆட்டோ வாங்குகிறவர்கள் பேட்டரி யாருடையது, வாடகையா சொந்தமா என்று எழுத்தில் கேளுங்கள். பேட்டரி உத்தரவாதம் புது உரிமையாளருக்கு மாறுமா, அதற்குச் சர்வீஸ் பதிவுகள் தேவையா என்பதையும் நிறுவனத்திடமே கேட்க வேண்டும், புரோக்கரிடம் அல்ல. பதிவு பெற்ற வியாபாரியிடம் வாங்கினால் அவருடைய லாபத் தொகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் இல்லை.

6. கரண்ட் எங்கிருந்து?

பம்ப்செட் இலவச மின்சாரத்தில் வண்டியைச் சார்ஜ் போடவே கூடாது. அது விவசாயத்துக்கென்று போராடிப் பெற்றது. வேறு உபயோகத்துக்கு எடுத்தால் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இரு மடங்கு கட்டணம் போடலாம். வீட்டு இணைப்பில் போடுவதானால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் யூனிட் 8 ரூபாய்க்கு மேல் போகும். அதனால்தான் மேலே 10 ரூபாய் வைத்தேன். தனி லைன், தனி எம்.சி.பி., நல்ல எர்த் மூன்றும் வேண்டும். ஜங்ஷன் பாக்ஸில் சார்ஜ் போடாதீர்கள். ஓடி வந்த சூட்டோடும் போட வேண்டாம், அரை மணி நேரம் நிழலில் நிறுத்திவிட்டுப் போடுங்கள்.

7. வண்டி நின்றுவிட்டால்

பெரும்பாலான மின் வண்டிகளில் மோட்டார் எப்போதும் சக்கரத்தோடு பூட்டியே இருக்கும். சக்கரம் சுழன்றால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கலாம், அது கன்ட்ரோலரை எரித்துவிடலாம். ஆகவே கயிறு கட்டி இழுக்கக் கூடாது, இன்னொரு லாரி மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஆகும் செலவை இப்போதே விசாரித்து, வண்டியின் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

ஊர் மெக்கானிக் பிரேக், பட்டை, டயர், பேரிங், விளக்கு, 12 வோல்ட் பேட்டரி எல்லாம் பார்ப்பார். ஆரஞ்சு நிறக் கம்பி உயர் அழுத்தம், அதை அவரும் தொடக் கூடாது, நாமும் தொடக் கூடாது. சாவி போட்டும் மீட்டர் எரியவில்லை என்றால் முதலில் சின்ன பேட்டரியைப் பாருங்கள். எங்கள் வண்டியில் ஒரு வோல்ட் மீட்டர் எப்போதும் இருக்கும்.

மூன்றாவதாகப் பார்த்த வண்டியைத்தான் வாங்கினோம். மூன்றில் அதுதான் விலை அதிகம். சர்வீஸ் பதிவு முழுசாக இருந்தது, கடன் இல்லை, பேட்டரி அறிக்கை கைக்கு வந்தது. நடைக்கு 150 ரூபாய் பொதுக் கணக்கில் போடுகிறோம், அது பேட்டரிக்கான சேமிப்பு, அதில் யாரும் கை வைப்பதில்லை. பதினொரு மாதத்தில் வண்டி ஒரே ஒரு முறை நின்றது, வேப்பம்பட்டு தாண்டி, மறுபடியும் சின்ன பேட்டரிதான். இந்த முறை கயிறு தேடவில்லை. பக்கத்து மெக்கானிக் கடையில் புது பேட்டரி வாங்கி மாட்டி, ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பினோம். அந்தக் கீரைப் பெண்மணி சாக்கை நனைத்துக் கட்டுகளின் மேல் போட்டுவிட்டு, "இன்னிக்கு நின்னுச்சு சார், கீரையும் நின்னுச்சு" என்றார்.

வாங்கப் போகிறவர்கள் இந்த ஏழு தலைப்பையும் ஒரு தாளில் எழுதி, வண்டி பார்க்கப் போகும்போது சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒன்றுக்குப் பதில் வரவில்லை என்றால் முன்பணம் கொடுக்காமல் வீட்டுக்குத் திரும்பி வாருங்கள். வேறு வண்டி வரும்.